எவ்வுள்: படுக்க இடம் கேட்ட பெயர்

திருவள்ளூர் என்றதும் பலருக்கு வள்ளுவர் நினைவுதான் வருகிறது. குறள் தந்தவரின் பெயரால் அமைந்த ஊர் என்று வெளியூரார் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வேறு சிலர் வளம், வள்ளல் என்ற சொற்களோடு சேர்த்து, செல்வம் கொழித்த ஊர் என்று பொருள் சொல்லி மகிழ்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றைய ஒலிவடிவம் அப்படி எண்ணத்தான் தூண்டுகிறது. ஆனால் சொல்லன்பரே, நீங்களும் நானும் இந்தப் பெயரை அவசரப்படாமல் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தால் அடியில் கிடைப்பது வள்ளுவரும் இல்லை, வள்ளலும் இல்லை. அங்கே இருப்பது ஒரு வினா. பொழுது சாய்ந்த வேளையில், ஊருக்குப் புதியவராய், உடல் தளர்ந்து வந்த ஒருவர், நான் எங்கே படுத்துக்கொள்வது என்று கேட்ட வினா.

ஆழ்வார்கள் காலத்தில் இந்தத் தலத்தின் பெயர் எவ்வுள். திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் அந்தப் பெயரிட்டே பாடியிருக்கிறார்கள். திருமழிசையாழ்வார் பிறந்த திருமழிசையும் இதே மாவட்டத்து ஊர்தான். தலவரலாறு சொல்லும் கதை எளியது. சாலிகோத்திரர் என்ற முனிவர் நெடுநாள் நோன்பிருந்து, நோன்பு முடிக்கும் நாளில் அரிசி மாவு பிசைந்து விருந்தினரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். முதியவர் ஒருவர் வருகிறார். படைத்ததை உண்கிறார், பசி அடங்கவில்லை என்கிறார். முனிவர் தமக்கென வைத்திருந்த பங்கையும் எடுத்துக் கொடுக்கிறார். உண்ட களைப்பில் முதியவர், படுக்க உள் எவ்வுள் என்று கேட்கிறார். இவ்வுள் என்று தாம் படுக்கும் இடத்தையே முனிவர் காட்டுகிறார். முதியவராய் வந்த பெருமாள் அங்கேயே கிடந்துவிட்டார். இன்றும் வீரராகவப் பெருமாள் அங்கே கிடந்த கோலத்தில்தான் காட்சி தருகிறார். அவருடைய வலக்கை முனிவரின் தலைமேல் இருக்கிறது.

எகர வினா முன் உயிர் வர, இடையில் வகரம் இரட்டிக்க, எ என்பதும் உள் என்பதும் சேர்ந்து எவ்வுள் ஆயிற்று. எவ்வூர், எவ்வுயிர், எவ்வாறு என்பன போல இயல்பான புணர்ச்சி. வடமொழியாளர் இதை அப்படியே பெயர்த்துக் கிங்கிருகம் என்றார்கள். கிம் என்றால் எது, கிருகம் என்றால் வீடு. வேதாந்த தேசிகர் பெயரால் வழங்கும் கிங்கிருகேச ஸ்துதி என்ற தோத்திரம் இந்தத் தலத்தைப் பற்றியதே. ஊர்ப்பெயர்களை வடமொழிப்படுத்தியவர்கள் பல இடங்களில் பொருளைத் தவறவிட்டிருக்கிறார்கள்.  இங்கே தவறவிடவில்லை. வினாவை வினாவாகவே வைத்துக்கொண்டார்கள். ஆகவே தேசிகர் பெயரால் வழங்கும் தோத்திரம் எழுந்த காலத்தில் எவ்வுள் என்ற சொல் கேட்பவர் காதில் இன்னும் கேள்வியாகவே ஒலித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கதை முந்தியதா, பெயர் முந்தியதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தலபுராணங்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின் பிறப்பவை. பெயரின் பொருள் மங்கிய பிறகு அதை விளக்கக் கதை முளைக்கும். இந்தக் கதையும் அப்படி முளைத்ததாக இருக்கலாம். இருந்தால்தான் என்ன? எவ்வுள் என்ற நான்கெழுத்து ஒலிக்குள் படுக்க இடம் தேடும் முதியவர் ஒருவரைக் கேட்டறிந்த காது தமிழ்க் காது. துன்பத்தைக் குறிக்கும் எவ்வம் என்ற பழஞ்சொல் பக்கத்திலேயே இருக்கிறது. நோய் தீர வேண்டி வெல்லத்தைக் குளத்தில் கரைக்க மக்கள் வரும் தலத்துக்கு எவ்வத்தோடு தொடர்பு சொல்வது எளிதாகவும் இருந்திருக்கும். மக்கள் அந்த வழி போகவில்லை. உள்ளைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

உள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அகம், உட்பக்கம் என்பது ஒரு பொருள். அறை, இடம் என்பது அதிலிருந்து விரிந்தது. உள், உளன், உண்டு என இருப்பைக் குறிக்கும் வினையும் இதே ஒலிதான். நினைத்தல் என்ற பொருளில் உள்ளுதல், அதிலிருந்து உள்ளம். இருப்பவர் உள்ளவர். உலக வழக்கில் உள்ளவர் என்றாலே பணம் உள்ளவர். அவருக்கு எதிரே இல்லாதவர். என்ன உள்ளவர், என்ன இல்லாதவர் என்று கேட்க வேண்டியதே இல்லை. எது என்று சொல்லாமலே விளங்குகிறது. இந்திய நாட்டுச் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர் கையில் இருக்கிறது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தார் 2022-23ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுச் சொன்னார்கள். தமிழ் அந்தப் பிளவை இரண்டு வினைச்சொற்களில் என்றோ முடித்து வைத்திருக்கிறது.

இல் என்பதற்கு வீடு என்றும் பொருள், இன்மை என்றும் பொருள். இரண்டும் ஒன்றே என்று பாட்டுக்கட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வேர் வேறு. இன்மைப் பொருள் தரும் இல் முன்னொரு காலத்தில் சகரத்தை முதலாகக் கொண்டிருந்தது என்பதற்குக் கோண்டி மொழியில் இன்றும் வழங்கும் சில்லெ போன்ற வடிவங்கள் சான்று. வீட்டைக் குறிக்கும் இல் அப்படி எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. சகரம் உதிர்ந்ததால் இரண்டு சொற்களும் ஒரே முகம் பெற்றன, அவ்வளவுதான். இழக்காமல் நின்ற இல் தான் வீட்டில், ஊரில், நாட்டில் என ஏழாம் வேற்றுமை உருபாகவும் நம் நாவில் தினம் நூறு முறை வந்துபோகிறது.

எவ்வுள் எப்படி வள்ளூர் ஆயிற்று என்பதற்கு வருகிறேன். திரு, எவ்வுள், ஊர் மூன்றும் சேர்ந்தால் திருவெவ்வுளூர். சொல்லிப் பாருங்கள். உடம்படுமெய்யாக வந்த வகரம் ஒன்று, புணர்ச்சியில் இரட்டித்த வகரம் இரண்டு. மேற்பல் கீழ் இதழை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் தொட வேண்டியிருக்கிறது. வெவ்வு என்ற இந்த நெரிசலில் ஒன்றை விட்டுவிடத்தான் நாக்கு பார்க்கும். ஒரே மாதிரியான இரண்டு அசைகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்று உதிர்வது பேச்சின் பழைய பழக்கம். வெவ் உதிர்ந்தது; வுளூர் வளூர் ஆயிற்று; தனித்து நின்ற ளகரம் குறிலுக்குப் பின் இரட்டித்து வள்ளூர் ஆயிற்று. ஆங்கிலேயர் தங்கள் ஏடுகளில் டிரிவெல்லூர் என்று எழுதினார்கள். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறந்தபோது, அன்றே திருவள்ளூருக்கும் ஒரு வண்டி ஓடிற்று. அந்தக் காலத்துக் குறிப்புகளில் இருக்கும் பெயரும் டிரிவெல்லூரே. அந்த டிரிவெல்லூரில் நிற்கும் எகரம், வெவ்வுளின் கடைசி எச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உதிர்ந்தது எது என்று கவனித்தீர்களா? வினா எழுத்தாகிய எகரம்தான். ஊர்ப்பெயரில் இருந்த கேள்வி மறைந்து, வள் என்ற அசை முன்னுக்கு வந்து, வளத்தையும் வள்ளலையும் நினைவூட்டத் தொடங்கிற்று. படுக்க இடமின்றி வந்தவரின் பெயர் கேட்பதற்கு உள்ளவரின் பெயர் போல ஆகிவிட்டது. ஒலி மாற்றத்துக்கு உள்நோக்கம் கிடையாது. எனினும் இந்த மாவட்டத்தின் வரலாறு அதே திசையில் போயிருப்பதை நான் காணாமல் இருக்க முடியவில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டு 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. வடகோடியில் கும்மிடிப்பூண்டி, அதைத் தாண்டினால் ஆந்திரம். கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதை ஊடறுத்துப் போகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் வரிசையாக எழுந்தன. அங்கே உழைப்பவர்களில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் மிகப் பலர். எவ்வுள் என்ற கேள்வியை இன்று அவர்கள்தான் கேட்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த உள் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஊர் லைன் வீடு என்று அழைக்கும் நீளக் கட்டடம். பத்துக்குப் பத்து அடியில் வரிசையாக அறைகள், மேலே கல்நார்த் தகடு, வாசலுக்கு நேரே தண்ணீர்த் தொட்டி. உள்ளே போனால் சுவருக்குச் சுவர் கட்டிய நைலான் கயிற்றில் நீலச் சட்டைகள். மூலையில் ஒரு சிறிய கேஸ் அடுப்பு, வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்ட பை. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிமேல் மடித்த கம்பளி. தரையில் விரித்தபடியே கிடக்கும் பாய்கள்; அவற்றை யாரும் சுருட்டுவதில்லை, சுருட்ட நேரமும் இல்லை, ஏனென்றால் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் படுப்பது பகல் ஷிப்டுக்குப் போனவர் எழுந்த பாயில். அறைக்கு ஆறு பேர். சாவி கதவுக்கு மேலே ஆணியில் தொங்கும். யார் முதலில் வருவார் என்று சொல்ல முடியாதல்லவா. வீடற்றோருக்காக நகரங்களில் அமைக்கும் காப்பகங்களில் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இருக்க வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல். நூறு சதுர அடி அறையில் அந்தக் கணக்குப்படி இரண்டு பேர்தான் படுக்கலாம். வேலையும் கூலியும் உள்ள ஆறு பேர், வீடே அற்றவருக்கு அரசு வகுத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் வாழ்கிறார்கள்.

அந்த அறையை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள்? தமிழ் இளைஞர்கள் ரூம் என்பார்கள். வேலைக்கு வந்த ஊரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன், ஊரில் வீடு இருக்கிறது என்பது வழக்கமான பேச்சு. பீகாரிலிருந்து வந்தவர் டேரா என்பார். பிறந்த ஊரில் இருப்பது கர். பிழைக்க வந்த இடத்தில் வாடகைக்குப் பிடித்தது டேரா. பாட்னாவிலும் இந்த வேறுபாட்டைக் கவனமாகவே காக்கிறார்கள். டேரா நமக்கும் தெரிந்த சொல்தான். படையோ கூத்துக் குழுவோ கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிக்க உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நம் வாயில் அது ஏளனமாகிவிட்டது. போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பவனைப் பார்த்து, டேரா போட்டுவிட்டான் என்கிறோம். ஒரே சொல், கும்மிடிப்பூண்டியில் ஒருவர் தம் இருப்பிடத்தை அடக்கமாகச் சுட்டும் பெயர். பக்கத்தில் நிற்பவர் காதில் குத்தல்.

அந்தக் குத்தலுக்கு முன் நம் வீடு என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். விடு என்பது முதனிலை நீண்டு வீடு ஆயிற்று. கெடு கேடு ஆனதும் சுடு சூடு ஆனதும் போல. பழைய இலக்கியத்தில் குடியிருக்கும் கட்டடத்துக்கு இல் என்றும் மனை என்றும்தான் பெயர். வீடு என்பது விடுதல், விடுதலை, பற்றறுதல். பிறகு பாடிவீடு, படைவீடு என்ற சேர்க்கைகளில், படை தன் சுமையை விட்டு இறங்கித் தங்கும் இடத்துக்கு அது பெயராயிற்று. அங்கிருந்துதான் குடும்பம் வாழும் இல்லத்துக்கு ஏறிற்று. அதே விடு தந்த இன்னொரு சொல் விடுதி. எனவே நம் வீடும் முதலில் டேராதான். மேலே போட்ட கூடாரத்தைக் கல்லாக்கிக்கொண்டவர்கள் வீட்டுக்காரர் ஆனார்கள், மற்றவர் குடித்தனக்காரர். தொழிலாளருக்கு விடுதி கட்ட முடியாது என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. அண்டை மாவட்டத்தில், திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதியை 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் எழுப்ப, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரும்பாலைத் தொழிலாளிக்கும் அது முடியும்.

வெளியூரிலிருந்து வந்தவரைக் குறிக்கச் சங்க இலக்கியத்தில் அழகான சொல் ஒன்று உண்டு: வம்பலர். வம்பு என்றால் புதுமை. வம்பலர் புதியவர், வழிப்போக்கர். பட்டினப்பாலை காட்டும் ஓர் ஊர்ப் பொதியிலில், மாலையில் ஏற்றிய விளக்கின் ஒளியில், பலர் வந்து வணங்கும் அந்த இடத்தில், வம்பலர் தங்குகிறார்கள். பொதியில் என்பதைப் பிரித்தால் பொது இல். எல்லாருக்கும் உரிய வீடு. அதை மன்றம், அம்பலம் என்றும் சொல்வர். ஊருக்கு நடுவே, தெய்வத்தின் காலடியில், புதிதாய் வந்தவர் தலைசாய்க்க ஓர் இல் இருந்தது, அதற்கு மொழியில் பெயரும் இருந்தது. பிற்காலத்தில் சத்திரம், சாவடி, மண்டபம் எல்லாம் அந்தப் பொறுப்பை ஏற்றன. தேர்வீதித் திண்ணைகளும் ஏற்றன; வழிப்போக்கன் படுத்துக்கொள்ள அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே திண்ணையின் இலக்கணம். திருவள்ளூரில் இன்றும் தை அமாவாசைக்கு முதல் நாள் இரவே மக்கள் வந்து கோயிலைச் சுற்றியும் குளக்கரையிலும் படுத்துறங்குகிறார்கள். அந்த ஓர் இரவு ஊர் முழுவதும் பொதியில்.

ஆனால் வம்பு என்ற சொல் போன வழி வேறு. புதுமை என்ற பொருள் மெல்லத் தேய்ந்தது. நிலையின்மை, பயனின்மை என்று இறங்கி, இன்று வீண் சண்டை, தொல்லை என்று நிற்கிறது. வம்பன், வம்புக்காரன், வம்பளப்பு. புதியவன் என்ற சொல்லே தொல்லைக்காரன் என்று முடிந்திருக்கிறது. மொழியை நான் பெரிதும் நேசிக்கிறேன். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயிலிலிருந்து பையோடு இறங்கும் இளைஞனை ஊர் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பதை இந்தச் சொல் முன்கூட்டியே நடந்து காட்டியிருக்கிறது. அதே பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் புலம்பெயர்ந்த மக்கள் கலந்து இனிதாக வாழ்ந்ததைப் பாடுகிறது. புலம்பெயர் என்ற அந்தச் சொல்லை அரசாணைகள் இன்று பயன்படுத்துகின்றன. இனிதாக என்பதும் கூடவே வந்திருக்கலாம்.

பெருமாள் எவ்வுளில் கிடந்தார் என்றேனே, அந்தக் கிட என்ற வினை தந்த மக்களையும் பார்த்துவிடுவோம். கிடக்கை படுக்கை. இரவில் ஆடுமாடு மடக்கும் இடம் கிடை. பண்டங்கள் கிடக்கும் இடம் கிடங்கு. இந்தக் கிடங்கு தமிழர் வணிகத்தோடு கடல் கடந்தது. தெலுங்கில் கிடங்கி என்றும் தமிழில் கிடங்கு என்றும் வழங்கிய சொல் மலாய் மொழியில் குடாங் ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பிய வணிகர் நாவில் ஏறி ஆங்கிலத்தில் கோடவுன் ஆயிற்று என்பது அகராதியாளர் பலரின் கருத்து. பிறகு அது நம்மிடமே திரும்பி வந்தது, குடோன் என்று. தன் பிள்ளையை அடையாளம் தெரியாமல் வாடகைக்கு வைத்துக்கொண்ட தாயைப் போல, தமிழ் கிடங்கையும் குடோனையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசுகிறது.

செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் இப்போது குடோன்கள். கூரை உயரம் நாற்பது அடி இருக்கும், தரை வழவழப்பானது, உள்ளே மின்விளக்கு இரவெல்லாம் எரிகிறது, பெட்டிகள் நனையக்கூடாது, சூடாகக்கூடாது. மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு ஏறத்தாழ 1,430 கோடி ரூபாய். சரக்குக்குப் பூங்கா. நான் அதற்கு எதிரியல்லன். பண்டம் சேமிக்கத் தெரிந்த இனம் என்பதற்குத்தான் கிடங்கு என்ற சொல்லே சான்று. என் வருத்தமெல்லாம், கிட என்ற வினையின் எழுவாய் மாறிப்போனது பற்றியது. கிடப்பவை பண்டங்கள். அந்தக் குடோன் வாயிலில் லாரியின் அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் சுமைதூக்குபவரைக் கேட்டால், இங்கேதான் கிடக்கிறோம் சார் என்கிறார். அவருடைய வாயில் கிட என்பது இழிவாக ஒலிக்கிறது. கோயிலுக்குள் அது திருக்கோலம்.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு பெயர்க்கதையும் உண்டு. 1990இல் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழருக்காக அங்கே ஏற்பட்ட முகாம், தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. முகாம் அரபுச் சொல்; மகாம் என்றால் நிற்கும் இடம். உருதுவும் மராத்தியும் அதைத் தங்குமிடம் என்ற பொருளில் நமக்குத் தந்தன. சற்று நின்று போவதற்கான அந்த இடத்தில், பத்துக்குப் பத்து அறைகளில், பிறந்து வளர்ந்து மணமுடித்துத் தாயானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் அகதி என்றோம். கதியற்றவர் என்ற பொருளில் வடமொழியிலிருந்து எடுத்த சொல். ஈழத் தமிழர் தங்களுக்கென்று ஏதிலி என்ற தூய தமிழ்ச்சொல்லை ஆண்டார்கள். ஏது, இல், இகரம். சங்க இலக்கியத்தில் ஏதிலார் என்றால் தொடர்பில்லாத அயலார். எதுவும் இல்லாதவர் என்று புதுப்பொருள் ஏற்றி, சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் சொல்லுக்கு உரியவர்களே. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இனி இவை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. மறுவாழ்வு நல்ல சொல். முகாம் மட்டும் இன்னும் பின்னொட்டாக நிற்கிறது.

அரசு பெயர் மாற்றிய இன்னொன்று குடிசை மாற்று வாரியம். 1970இல் தொடங்கிய அந்த வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. குடிசை, குடில், குடி, குடியிருப்பு, குடித்தனம், குடிமகன் என்று ஒரு வேர் எத்தனை கிளை விட்டிருக்கிறது! குடிசையில் இருப்பவனும் குடியரசில் இருப்பவனும் ஒரே குடிதான் என்று மொழி சொல்கிறது. பழைய பெயரில் குடி இருந்தது. புதிய பெயரில் அது இல்லை.

இந்த மாவட்டத்து இருளர் மக்களைக் கேட்டால் வேறொரு சொல்லைச் சொல்வார்கள்: புறம்போக்கு. வரி விதித்த நிலங்களுக்குப் புறமாகப் போக்கப்பட்ட நிலம். ஏரி, மேய்க்கால், களம், வண்டிப்பாதை, சுடுகாடு. யாருக்கும் தனியுரிமை இல்லாததால் எல்லாருக்கும் உரியது என்பதே அதன் முதற்பொருள். வருவாய் ஏட்டில் வரி தராத நிலம் என்று பதிவானதால் பயனற்றது ஆயிற்று. பயனற்றதால் வசைச்சொல்லும் ஆயிற்று. இன்று மனிதரைப் பார்த்தே புறம்போக்கு என்று திட்டுகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க டி. எம். கிருஷ்ணா 2017இல் பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல் அந்த வசையைத் துடைத்துச் சொல்லின் பழைய மதிப்பை மீட்க முயன்றது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில், தலித் மக்கள் தலைமுறைகளாகக் கால்நடை மேய்த்த ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்க்கால் நிலம், அவர்கள் எதிர்த்துப் போராடியும் சிப்காட்டுக்குப் போயிற்று. வரியேட்டில் பயனற்றதாக இருந்த நிலம் டயர் ஆலைக்குப் பயன்பட்டது.

ஏரிக்கரையில் பட்டா இல்லாமல் தலைமுறைகளாக வாழ்ந்த இருளர் குடும்பங்கள் பல, செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகக் கட்டுண்டிருந்தன. பிறர் வீட்டுக்குச் செங்கல் அறுத்தவர்கள் தாங்கள் படுத்தது சுடாத செங்கலை அடுக்கி எழுப்பிய குடிசையில். குனிந்துதான் நுழைய வேண்டும். அவர்களில் மீட்கப்பட்ட சிலருக்கு மாவட்ட நிர்வாகம் மெய்யூரில் சிறகு என்ற பெயரில் சொந்தச் சூளை அமைத்துக் கொடுத்தது. அங்கே அவர்கள் சுடும் செங்கல் அவர்கள் இனத்தார்க்கு அரசு கட்டும் வீடுகளுக்கும் போகிறது. இந்த மாவட்டத்தில் நான் கேட்ட பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கடைசியாக, வீடற்றோர் என்ற சொல். இல்லாத என்பதற்கும் அற்ற என்பதற்கும் வேறுபாடு உண்டு. அற்ற என்பது அறு என்பதன் பெயரெச்சம். முன்பு இருந்தது, அறுந்துபோயிற்று என்ற குறிப்பு அதில் நிற்கிறது. வீடிலி என்றால் இன்மை; வீடற்றவர் என்றால் இழப்பு. தெருவில் படுப்பவர் பெரும்பாலோருக்கு எங்கோ ஓர் ஊரும் ஒரு வாசலும் இருந்திருக்கின்றன என்பதால், இந்தச் சொல்லே உண்மைக்கு அருகில் இருக்கிறது. நடைபாதைவாசி என்று செய்தித்தாள்கள் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. நடப்பதற்கான பாதையை யாரும் வாழ்வதற்கென்று விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் யார் என்று வரையறுக்கும்போது இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய்களின் உட்புறம், மேம்பாலத்தடி, படிக்கட்டின் அடி, வழிபாட்டிடங்களின் வெளி, மண்டபம், ரயில் நடைமேடை. எவ்வுள் என்று கேட்டவருக்குக் கிடைத்த விடைகளின் பட்டியல் இது. 2011இல் அவர்களுக்கென்று பிப்ரவரி 28ஆம் நாள் இரவைத் தனியாக ஒதுக்கி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 இலட்சம் பேர், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில்.  அந்த இரவில் எண்ணப்படாதவருக்கு ஏட்டில் இடமில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். நீங்கள் திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ செங்குன்றத்திலோ இருப்பவரானால், உங்கள் தெருமுனையில், குடோன் வாயிலில், சூளையில், ரயில் நிலையத்தில் இரவில் யார் யார் படுக்கிறார்கள் என்பது கணக்கெடுப்பவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் வரும்போது அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள்.